புகைப்படத்தில் எழுத்தைச் சேர்ப்பது எப்படி: வரி தேடுவது முதல் சட்டம் போடுவது வரை

ஒரு நல்ல புகைப்படத்தின் மேல் ஒரு நல்ல வரியை எழுதி இரண்டையுமே கெடுத்துவிடுவது சுலபம். சூரியன் மறையும் படத்தில் ஒரு குறள், மழைத்துளிப் படத்தில் ஒரு காதல் கவிதை என்று கைபேசியில் தினமும் வந்து விழுகின்றன. படமும் அழகுதான், வரியும் அழகுதான். ஆனால் அந்தப் படத்துக்கு அந்த வரி தேவைப்படவில்லை, வரிக்கும் படம் தேவைப்படவில்லை. எதை மாற்றினாலும் இன்னொன்றுக்கு ஒன்றும் ஆகாது.

எழுத்தும் படமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும்படி செய்ய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேமரா அல்லது கைபேசி, ஒரு பேனா, நல்ல தாள், பசை இருந்தால் தொடங்கிவிடலாம். கணினி இருந்தால் இன்னும் சில வழிகள் திறக்கும். படிகளைப் புரியவைக்க ஒரே ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம்: தெருமுனையில் நிற்கும் இஸ்திரி வண்டி. கரிப்பெட்டி, மடித்து அடுக்கிய சட்டைகள், பழைய போர்வையில் கட்டிய மூட்டை, பின்னால் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவர். நம் ஊர்களில் எல்லோரும் பார்த்த காட்சி.

எழுத்துக்கு என்ன வேலை?

பேனாவைத் திறக்கும் முன் இதை முடிவு செய்ய வேண்டும். பிரெஞ்சு சிந்தனையாளர் ரோலான் பார்த் 1964இல் எழுதிய ஒரு கட்டுரையில், படத்தோடு சேரும் எழுத்து இரண்டு விதமாக வேலை செய்கிறது என்றார். ஒன்று, பல பொருள் தரக்கூடிய படத்தை ஒரு பொருளில் கட்டிப்போடுவது. செய்தித்தாள் படத்தின் கீழே இருக்கும் விளக்கம் இந்த வகை. மற்றொன்று, படம் சொல்லாத ஒன்றைச் சொல்லி, இரண்டும் சேர்ந்தால்தான் கதை முழுமையாகும் என்ற நிலையை உண்டாக்குவது. சித்திரக்கதையில் பேச்சுக் குமிழ் செய்வது இதைத்தான். கலையில் பெரும்பாலும் நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை.

இஸ்திரி வண்டிப் படத்தின் கீழே ‘இஸ்திரி வண்டி’ என்று எழுதினால் கண் ஏற்கெனவே பார்த்ததையே வாய் மறுபடி சொல்கிறது. ‘உழைப்பே உயர்வு’ என்று எழுதினால் அது சுவரொட்டி. வண்டிக்காரர் அதில் காணாமல் போய்விடுவார். ‘நாளைக்கு முகூர்த்தம்’ என்று எழுதிப் பாருங்கள். அடுக்கிய துணிகளுக்கு உடனே ஒரு அவசரம் வந்துவிடும், அவற்றில் பட்டுச் சட்டை எது என்று கண் தேடும். ‘பி பிளாக் 12, உருப்படி 14, பாக்கி 70’ என்று எழுதினாலோ, படத்தில் இல்லாத ஒரு வீடும் அந்த வீட்டுக்கும் வண்டிக்கும் உள்ள கணக்கும் உள்ளே வந்துவிடும். என் தேர்வு இந்தக் கடைசி வரிதான். அது அழகான வரி கூட இல்லை. ஆனால் அந்த இடத்திலிருந்தே வந்தது.

இதையே நான் முதல் விதியாகச் சொல்வேன்: எழுத்து, படம் எடுத்த இடத்திலிருந்து வரட்டும். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய மேற்கோள், அது எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும், விருந்தாளியாகவே நிற்கும்.

யாருடைய வரி, யாருடைய கை?

எழுத்தையும் புகைப்படத்தையும் இணைத்தவர்களின் வேலைகளைப் பார்த்தால், ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்கு வேறு பதில் தந்திருப்பது தெரியும். அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகர் பத்திரிகைப் பக்க வடிவமைப்பாளராக வேலை பார்த்துவிட்டுக் கலைக்கு வந்தவர். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் மேல் சிவப்புப் பட்டை போட்டு, அதில் தடித்த, சாய்ந்த வெள்ளை அச்செழுத்தில் ‘நீ’, ‘உன்’, ‘நாம்’ என்று நேராகப் பார்ப்பவரிடம் பேசுவார். 1989இல் வாஷிங்டனில் பெண்கள் நடத்திய பேரணிக்கு, ஒரு பெண்ணின் முகத்தைப் பாதி நேராகவும் பாதி நெகட்டிவாகவும் பிளந்து, ‘உன் உடல் ஒரு போர்க்களம்’ என்று அவர் செய்த படைப்பு பரவலாகத் தெரிந்தது. அங்கே கையெழுத்து இருந்திருந்தால் அந்த அதட்டல் வந்திருக்காது. விளம்பரத்தின் குரலை எடுத்து விளம்பரத்துக்கு எதிராகவே திருப்பியதுதான் அதன் பலம்.

இதற்கு நேர் எதிரான வழி அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஜிம் கோல்ட்பெர்க் போனது. 1977 முதல் 1985 வரை சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏழைகளையும் பணக்காரர்களையும் அவரவர் வீட்டிலேயே படமெடுத்து, அச்சிட்ட படத்தை அவர்களிடமே கொடுத்து, அதன் ஓரத்தில் எழுதச் சொன்னார். எழுத்துப்பிழை, அடித்தல், சாய்வு எல்லாம் அப்படியே நிற்கின்றன. லண்டனில் கில்லியன் வேரிங் 1992, 93இல் தெருவில் போகிறவர்களிடம் வெள்ளைத் தாளைக் கொடுத்து, மனதில் இருப்பதை எழுதிப் பிடிக்கச் சொல்லிப் படமெடுத்தார். கோட்டும் டையுமாகப் புன்னகைக்கும் ஓர் இளைஞர் பிடித்திருக்கும் தாளில், தாள முடியாத நிலையில் இருப்பதாக எழுதியிருக்கிறது. முகம் ஒன்று சொல்கிறது, கை வேறொன்று சொல்கிறது. படைப்பு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நம் வண்டிக்காரரிடம் இதை முயலலாம். படத்தை அச்சிட்டு எடுத்துப்போய், வேலை குறைந்த பிற்பகலில், “அண்ணே, இந்தப் படத்துக்குக் கீழ உங்க கையால ஏதாவது எழுதித் தர்றீங்களா?” என்று கேளுங்கள். என்ன எழுத வேண்டும் என்று எடுத்துக்கொடுக்காதீர்கள். எழுதத் தயங்கினால் பேசச் சொல்லுங்கள். அவர் சொன்னதை எழுதி, அவரிடமே படித்துக் காட்டி, சரி என்ற பிறகு பயன்படுத்துங்கள். அவர் எழுத்தில் ‘ர’வும் ‘ற’வும் மாறியிருந்தால் திருத்தாதீர்கள். எங்கே காட்டப்போகிறீர்கள், அவர் பெயர் வருமா வராதா என்பதை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குவது கட்டாயம். ஒருவரின் படத்தின் மேல் அவருக்குத் தெரியாமல் வார்த்தைகளை வைப்பது, அவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பதுதான். அதற்கு ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிடுவதும் ஈடாகாது.

வரி தேடும் இடங்கள்

வண்டியைச் சுற்றி எழுத்து எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். கணக்கு நோட்டு. வண்டியின் மரப்பலகையில் சாக்பீஸால் எழுதிய கைபேசி எண். எண்ணைத் தெரியும்படி காட்டக் கூடாது என்றாலும், எழுதிய விதத்தைப் பார்த்துக்கொள்ளலாம். சட்டைக் காலரின் உள்ளே தையல்காரரின் பெயர்ப்பட்டி. துணிகள் மாறாமலிருக்கச் சலவைத் தொழிலாளர்கள் ஓரத்தில் இடும் சிறு குறிகள் இன்னொரு செல்வம். புள்ளி, கோடு, எழுத்து என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. அந்தக் குறியைச் சேராங்கொட்டைச் சாற்றால் இடுவது பழைய வழக்கம். துவைத்தாலும் போகாது. அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்புளம் வரும் என்பதால் நீங்கள் அதைத் தொட வேண்டாம். துணியில் எழுதும் பேனா போதும். படத்தை வெள்ளைக் காடாத் துணியில் அச்சிட்டு, ஓரத்தில் அந்தக் குறிகளை மட்டும் வரிசையாக இட்டால், எழுத்தா ஓவியமா என்று பிரிக்க முடியாத ஒன்று கிடைக்கும்.

வரிகளை நிறைய எழுதிப் பார்த்துவிட்டுக் குறையுங்கள். உணர்ச்சிப் பெயர்களை முதலில் வெட்டலாம்: சோகம், வலி, நம்பிக்கை, ஏக்கம். இவற்றைப் படம் தானே தர வேண்டும். படத்தை மறைத்துவிட்டு வரியை மட்டும் ஒருவருக்குக் காட்டுங்கள். பிறகு வரியை மறைத்துப் படத்தை மட்டும் காட்டுங்கள். இரண்டில் எது தனியாகவே முழுமையாக இருக்கிறதோ அதில் இன்னும் வெட்ட இடமிருக்கிறது.

பிறர் எழுதியதை எடுக்க விரும்பினால் உரிமை பற்றி ஒரு வார்த்தை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. சங்கப் பாடல்கள், குறள் போன்றவற்றுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பாரதியின் எழுத்துகளும், தமிழ்நாடு அரசு பிறகு நாட்டுடைமையாக்கிய பல எழுத்தாளர்களின் நூல்களும் எல்லோருக்கும் பொது. திரைப்பாடல் வரிகளை நினைத்தபடி எடுத்து விற்பனைக்கு வைக்க முடியாது. பத்திரிகையில் வந்த புகைப்படமும் அப்படித்தான்.

படம்: எழுத்துக்கு இடம் விட்டு எடுப்பது

எழுத்தைச் சேர்க்கப்போகிறோம் என்று தெரிந்தால், எடுக்கும்போதே அதற்கு இடம் விடுங்கள். சட்டகத்தின் ஒரு பக்கத்தில் சுவர், வானம், சாலை, நிழல் என்று நிறமும் வெளிச்சமும் அதிகம் மாறாத ஒரு பரப்பு வேண்டும். வண்டிக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்புச் சுவர் இதற்கென்றே கட்டியதுபோல இருக்கும். இரண்டு அடி பின்னால் போய், சுவர் பாதிச் சட்டகத்தை எடுத்துக்கொள்ளும்படி ஒன்று எடுத்துவிடுங்கள். எழுத்து படத்துக்கு வெளியே, வெள்ளை ஓரத்தில் வரப்போகிறது என்றால் இந்தக் கவலை வேண்டாம். ஆனால் அச்சிடும்போது கீழே இரண்டு அங்குலமாவது ஓரம் விடச் சொல்லுங்கள்.

குடும்பத்தின் பழைய படங்களை வைத்துச் செய்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: மூலப்படத்தில் எதுவும் எழுதாதீர்கள், ஒட்டாதீர்கள், வெட்டாதீர்கள். அஞ்சலட்டை அளவுப் படம் என்றால் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற அளவு), பாஸ்போர்ட் அளவு என்றால் 1200 டிபிஐ வைத்து ஸ்கேன் செய்து, பிரதியில் வேலை பாருங்கள். படத்தின் பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, ‘அன்புள்ள அத்தைக்கு’ என்ற வரி எல்லாம் அங்கேதான் இருக்கும். பல சமயம் நீங்கள் தேடும் எழுத்து அதுவே.

தமிழ் எழுத்தின் உடல்

ஆங்கிலத்துக்காக எழுதிய வடிவமைப்புப் பாடங்களைத் தமிழுக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. இகர ஈகாரக் குறிகள் மேலே எழும்புகின்றன. சு, பு, ழு, று போன்றவை கீழே இறங்குகின்றன. வரிக்கு வரி இடைவெளியை எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்காவது வைத்தால்தான் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதாது. எழுத்துகளை அகலமாகப் பரப்பி வைக்கும் நவீன பாணியும் தமிழில் கவனமாகச் செய்ய வேண்டியது. ‘கொ’வில் உள்ள மூன்று உறுப்பும் ஒன்றாக நிற்க வேண்டும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் விலகினால் வாசிப்பவர் தடுக்கி விழுவார். செங்குத்தாக அடுக்கும்போதும் அப்படியே: க, ஒற்றைக்கொம்பு, கால் மூன்றும் ஒரே படிக்கட்டில்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘காத்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரு சொல் ஒரு வரியையே தின்றுவிடும். அதனால்தான் பெயர்களும் எண்களும் பேச்சுத் துணுக்குகளும் படத்தின் மேல் நன்றாக உட்காருகின்றன. வரியை உடைக்க வேண்டுமென்றால் மூச்சு நிற்கும் இடத்தில் உடையுங்கள், இடம் தீர்ந்த இடத்தில் அல்ல.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைக்கும்போது அச்சில் மை பரவி ண, ஞ, ஐ போன்றவற்றின் சுழிகளை அடைத்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். ஒரு படி தடித்த எழுத்துருவை எடுத்து, அளவையும் சற்றுக் கூட்டுங்கள். சுவரில் மாட்டும் படைப்பென்றால் மூன்று மீட்டர் தூரத்திலிருந்து வாசிக்க எழுத்துயரம் சுமார் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் வேண்டும். கிட்டே வந்து குனிந்து வாசிக்க வைப்பதும் ஒரு தேர்வுதான். அப்போது நுணுக்கி எழுதலாம்.

வாசிக்கவே வேண்டாத எழுத்தும் உண்டு. சென்னைக்கு அருகே 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், 1963 வாக்கில் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில், ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், மலையாள எழுத்தை ஒத்த கிறுக்கல்கள் ஆகியவற்றால் பரப்பை நிரப்பினார். அவற்றை வாசித்துப் பொருள் தேட வேண்டியதில்லை. ஓலைச்சுவடியைப் பார்க்கும்போது வரும் உணர்வு அங்கே வருகிறது. இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ஈரானில் பிறந்த ஷிரின் நெஷாத், 1993 முதல் 97 வரை செய்த புகைப்படங்களில், பெண்களின் முகத்திலும் கையிலும் பாதத்திலும் பாரசீகக் கவிதைகளை மையால் எழுதினார். பாரசீகம் தெரிந்தவருக்கு அது கவிதை, தெரியாதவருக்கு அலங்காரம். தமிழ் தெரியாதவர்கள் பார்க்கப்போகும் இடத்தில் உங்கள் படைப்பு வைக்கப்படும் என்றால், நீங்களும் அந்த நிலையில்தான் இருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைப்பதா இல்லையா என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

செய்முறை 1: அச்சிட்ட படத்தின் மேல் கையால் எழுதுவது

எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்தது. தாள்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஸ்டூடியோவில் போடும் பளபளப்பான படத்தின் மேற்பரப்பு பிளாஸ்டிக் பூச்சு கொண்டது. பந்துமுனைப் பேனா அதில் வழுக்கும், பள்ளம் மட்டும் விழும். அதில் எழுத அக்ரிலிக் பெயின்ட் மார்க்கர்தான் சரி; வெள்ளை நிறம் இருண்ட பகுதியில் அருமையாக நிற்கும். சாதாரண பெர்மனன்ட் மார்க்கர் முதலில் நன்றாகத் தெரிந்தாலும் நாளடைவில் நிறம் மாறி ஓரம் கசியக்கூடும்.

வாய்ப்பிருந்தால் பளபளப்பில்லாத மேட் தாளில், பிக்மென்ட் மை (நீரில் கரையாத நிறத்துகள் கொண்ட மை) அச்சுப்பொறியில் படத்தைப் போட்டு வாங்குங்கள். 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேற்பட்ட பருத்தித் தாள் இன்னும் நல்லது. புதுச்சேரியில் கிடைக்கும் கைத்தாள்களிலும் சிலவற்றில் அச்சிடலாம். சொரசொரப்பு குறைந்ததாகப் பார்த்து எடுங்கள். இவற்றில் 0.3 முதல் 0.8 மி.மீ. வரையிலான பிக்மென்ட் மைப் பேனா கசியாமல் எழுதும்.

முதலில் படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து, எழுத்து எங்கே, எவ்வளவு பெரிதாக வரும் என்று அதில் பென்சிலால் எழுதிப் பாருங்கள். அழுத்தாதீர்கள், தடம் படத்தில் இறங்கும். அப்புறம் ஒரு கழிவுப் பிரதியில் பேனாவைச் சோதியுங்கள். அதன் பிறகே நல்ல பிரதி. கையின் எண்ணெய் படாமல் இருக்க, கை ஊன்றும் இடத்தில் ஒரு சுத்தமான வெள்ளைத் தாளைப் போட்டுக்கொள்ளுங்கள். எழுதும்போது ‘அழகான கையெழுத்து’க்கு முயல வேண்டாம். கடிதம் எழுதுகிற வேகத்தில் எழுதினால்தான் அது கையெழுத்தாக இருக்கும்.

செய்முறை 2: வெட்டி ஒட்டுவது

செய்தித்தாள், பேருந்துச் சீட்டு, ரசீது, பழைய காலண்டர் தாள். ஜெர்மனியின் குர்ட் ஷ்விட்டர்ஸ் முதல் உலகப்போர் முடிந்த கையோடு இப்படிப்பட்ட குப்பைத் துணுக்குகளைக் கொண்டே ஒட்டுப்படங்களைச் செய்யத் தொடங்கினார். முழு வாக்கியத்தை ஒட்டுவதைவிட வெட்டுப்பட்ட துண்டு பலமானது. ‘விடுதலை’ என்ற தலைப்பிலிருந்து ‘தலை’ மட்டும் ஒரு முகத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், வெட்டிய பகுதியும் கூடவே நினைவுக்கு வரும்.

செய்தித்தாளை நேராக ஒட்டாதீர்கள். மலிவான மரக்கூழ்த் தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்தில் பழுப்பாகும், பக்கத்தில் இருக்கும் படத்தையும் பாதிக்கும். ஸ்கேன் செய்து நல்ல தாளில் அச்சிட்டு ஒட்டலாம். அந்தப் பழுப்பே வேண்டுமென்றால், அது வேண்டும் என்று தெரிந்தே ஒட்டுங்கள். பசைக்கு மைதா வேண்டாம். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வந்துவிடும். மேட் அக்ரிலிக் மீடியம் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் குழம்பு), அல்லது அமிலமற்ற வெள்ளைப் பசையை மெல்லியதாக, தாளின் பின்பக்கம் முழுவதும் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் நீவி, மெழுகுத்தாளுக்கு அடியில் கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு வையுங்கள்.

செய்முறை 3: ஜெல் மீடியம் கொண்டு படத்தை மரத்துக்கு மாற்றுவது

படம் தாளிலிருந்து கழன்று மரப்பலகையின் ரேகைகளோடு கலந்துவிடுவதைப் பார்ப்பது பெரும் மகிழ்ச்சி. இஸ்திரி வண்டிப் படத்தை ஒரு பழைய பலகைக்கு மாற்றினால் வண்டியின் மரமும் பலகையின் மரமும் ஒன்றாகும்.

படம் லேசர் அச்சாகவோ ஜெராக்ஸாகவோ இருக்க வேண்டும். அவற்றின் பொடி மையான டோனர் தண்ணீரில் கரையாது. வீட்டு இங்க்ஜெட்டின் சாய மை கரைந்து ஓடிவிடும். எழுத்தும் படத்தோடு சேர்ந்து மாறப்போகிறது என்றால், அச்சிடும் முன் எல்லாவற்றையும் இடவலமாகத் திருப்ப வேண்டும். இதை மறந்தால் பலகையில் கண்ணாடியில் பார்க்கும் தமிழ்தான் இருக்கும். பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைத்து, ஜெல் மீடியத்தை (கெட்டியான அக்ரிலிக் மீடியம்) சீராகத் தடவி, அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி தாளை வைத்து, பழைய ஏடிஎம் அட்டையால் காற்றுக்குமிழ் போகும்படி நடுவிலிருந்து தள்ளுங்கள். பக்கவாட்டில் பிதுங்கும் ஜெல்லைத் துடைத்துவிடுங்கள், தாளின் முதுகில் பட்டால் அங்கே தாள் உரியாது. ஓர் இரவு காயட்டும். மழைக்காலமென்றால் ஒரு நாள் முழுக்க.

பிறகு முதுகை ஈரத்துணியால் நனைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் தாள் நார் நாராக உருளும். நகம் படக் கூடாது. காய்ந்ததும் வெள்ளைப் பூப்போல் மங்கல் தெரியும். அது மிச்சமிருக்கும் நார். மறுபடி நனைத்துத் தேய்க்க வேண்டும். கடைசியில் மெல்லிய ஒரு கோட் மீடியம் பூசினால் மீதி மங்கலும் மறையும். ஆங்காங்கே படம் பிய்ந்து மரம் தெரிவது இந்த முறையின் இயல்பு. அதனால் எழுத்து தெளிவாக வேண்டுமென்றால் படத்தை மட்டும் மாற்றிவிட்டு, எழுத்தைப் பிறகு கையால் எழுதுங்கள். தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலைகள் எல்லாம் முதலில், பேனா வேலை கடைசியில். இப்படிப் பல பொருட்களைக் கலந்து செய்யும் கலப்பு ஊடகத்தில் இந்த வரிசை மாறினால் காப்பாற்ற வழியில்லை.

செய்முறை 4: சயனோடைப், வெயிலில் எழுதுவது

1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீல அச்சு முறை இது. மறு ஆண்டே இங்கிலாந்தின் ஆனா அட்கின்ஸ், கடற்பாசிகளின் நிழலுருவங்களைக் கொண்ட தன் நூலை இந்த முறையில் வெளியிடத் தொடங்கினார். பாசிகள் மட்டுமல்ல, அவற்றின் பெயர்களும் முன்னுரையும்கூட அவர் கையெழுத்தாகவே நீலத்தில் அச்சாகின. படமும் எழுத்தும் ஒரே வெயிலில் பிறந்தவை. அதனால் எது மேலே, எது கீழே என்ற கேள்வியே எழவில்லை.

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மி.லி. நீரில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மி.லி. நீரில். இரண்டையும் தனித்தனி அடர்நிறப் பாட்டில்களில் வைத்து, வேண்டியபோது சம அளவில் கலந்து, வெயில் படாத அறையில், மங்கலான மஞ்சள் குண்டுபல்பு வெளிச்சத்தில் பருத்தித் தாளில் தூரிகையால் பூசி இருட்டில் உலர்த்துங்கள். கையுறை போடுங்கள். சமையலறைப் பாத்திரங்களைத் தொடாதீர்கள். ஃபெரிசயனைடை அமிலத்தோடு சேர்ப்பதோ சூடாக்குவதோ கூடாது, நச்சு வாயு வரும்.

எழுத்தைச் சேர்க்க எளிய வழி: ஓஹெச்பி தாளில் (கண்ணாடிபோல் ஒளி புகும் பிளாஸ்டிக் தாள்) கறுப்பு மார்க்கரால் எழுதி, பூசிய தாளின் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வையுங்கள். மை மறைத்த இடம் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் நீலமாகவும் வரும். புகைப்படமும் சேர வேண்டுமென்றால், படத்தையும் எழுத்தையும் கணினியில் நேராகவே அமைத்து, கறுப்பு வெள்ளையாக்கி, முழுவதையும் நெகட்டிவாகத் திருப்பி ஓஹெச்பி தாளில் அச்சிடுங்கள். மை பூசிய பக்கம் தாளைத் தொட்டால் கோடு கூர்மையாக வரும். அப்படி வைப்பதென்றால் இடவலமாகத் திருப்பி அச்சிட வேண்டும்.

வெயில் நேரம் ஊருக்கும் மாதத்துக்கும் மாறும். ஒரு சிறு துண்டை எடுத்து, அட்டையை நகர்த்தி நகர்த்தி 2, 4, 6, 8, 10 நிமிடம் என்று பட்டைகளாகக் காட்டிப் பாருங்கள். பச்சை மஞ்சளாக இருந்த பூச்சு சாம்பல் ஓடிய பழுப்புப் பச்சையாக மாறினால் போதும். ஓடும் நீரில் மஞ்சள் முழுவதும் போகும்வரை அலசுங்கள். காரத்தன்மை உள்ள நீர் இந்த நீலத்தை வெளிறச் செய்யும். போர்வெல் நீர் கடினமாக இருக்கும் ஊரில் கடைசி அலசலையாவது கேன் தண்ணீரில் செய்யுங்கள். சோப்பு படவே கூடாது. ஒரு நாள் காய்ந்த பிறகு நீலம் முழு ஆழத்துக்கு வரும்.

அச்சிட்ட படத்தின் மேல் ஊசி நூலால் தைத்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குத் தடித்த தாளில் அச்சிட்டு, தெர்மகோல் மேல் வைத்து ஊசியால் 3 மி.மீ. இடைவெளியில் முதலிலேயே துளைகளைப் போட்டுவிட வேண்டும். நெருங்கிப் போட்டால் அஞ்சல்தலைபோலக் கிழிந்துவிடும்.

கணினியில் செய்தால்

யூனிகோட் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியாக்கம்) எழுத்துருக்களையே எடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், மீரா இனிமை, அனெக் தமிழ், சாய்ந்த கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனார் எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், விருப்பத்தேர்வுகளின் எழுத்துப் பகுதியில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, புதிய கோப்பில் தொடங்குங்கள். இலவச மென்பொருளான கிம்ப்பில் தமிழ் சரியாகவே வரும்.

ஏ4 அளவில் 300 டிபிஐ தரத்துக்குப் படம் 2480 × 3508 பிக்சல் இருக்க வேண்டும். கோப்பை ஜேபெக்காகக் கொடுத்தால் எழுத்தின் ஓரங்களில் அழுக்குப்போல் புள்ளிகள் சேரும். எழுத்தை வெக்டாராக (பிக்சல்களாக அல்லாமல் கோட்டு வடிவமாக) வைத்து பிடிஎஃப்பாகக் கொடுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே பழைய குறியாக்க எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘ஸ்ரீ’யும் ‘கௌ’வும் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. மாற்றும் முன் திருத்தக்கூடிய ஒரு பிரதியைத் தனியாகச் சேமியுங்கள்.

எழுத்து தெரியவில்லை என்றால் உடனே நிழல், ஒளிவட்டம், வெள்ளை ஓரக்கோடு என்று போக வேண்டாம். கண்ணீர் அஞ்சலி பேனர்களிலும் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ்களிலும் அவை வேறு வேலைக்காக இருக்கின்றன. முதலில் எழுத்தை நகர்த்திப் பாருங்கள். பிறகு அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் இருட்டாக்கிப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் படத்துக்கு வெளியே, ஓரத்தில் எழுதுங்கள்.

முடித்து மாட்டுவது

பேனாவும் பெயின்டும் முழுதாகக் காய இரண்டு மூன்று நாள் விடுங்கள். வார்னிஷ் ஸ்பிரேயைக் கழிவுப் பிரதியில் சோதித்த பிறகே அடியுங்கள், சில மைகளை அது கரைத்துவிடும். சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பெயின்ட் எழுத்து கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்க முடியாது. அமிலமற்ற அட்டையில் மவுண்ட் (படத்தைச் சுற்றி நிற்கும் அட்டை ஓரம்) வெட்டச் சொன்னால் அந்த இடைவெளி தானாகக் கிடைக்கும்.

கண்ணாடியையே எழுதும் இடமாகவும் வைக்கலாம். அமெரிக்கக் கலைஞர் கேரி மே வீம்ஸ், 1995, 96இல் செய்த வரிசை ஒன்றில், அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களை 19ஆம் நூற்றாண்டில் எடுத்த படங்கள் உட்படப் பல பழைய படங்களை மறுபடி அச்சிட்டுச் சிவப்பேற்றி, அவற்றின் மேலிருக்கும் கண்ணாடியில் வரிகளைச் செதுக்கினார். அந்த மக்களின் உடலில் அவர் எதையும் எழுதவில்லை. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் எழுதினார். முகத்தின் மேல் எழுதத் தயக்கமாக இருக்கும் படங்களுக்கு இந்த வழியை யோசியுங்கள்.

பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் ஆண்டு, தாள், மை வகை, படத்தில் இருப்பவரின் ஒப்புதல் இருக்கிறதா என்பதைக் குறித்துவையுங்கள். காட்சிக்கு வைக்கும்போது தலைப்பும் எழுத்துதான் என்பதை மறக்காதீர்கள். படத்தில் ‘பாக்கி 70’ என்று இருக்கும்போது, பக்கத்து அட்டையில் ‘கடன்பட்ட வாழ்வு’ என்று தலைப்பு வைத்தால், அதுவரை செய்த வேலை முழுவதையும் அந்த அட்டை ஒரே நொடியில் விளக்கித் தீர்த்துவிடும். அட்டையில் தெருவின் பெயர், ஆண்டு, பொருட்கள், அளவு இருந்தால் போதும்.